ஜில் சொன்னதில் பாதி

‘இட்ஸ் எ சின்’ ஐந்தே பகுதிகள் கொண்ட தொடர். 2021 ஜனவரியில் பிரிட்டனின் சேனல் 4இல் வந்தது. எழுதியவர் ரஸ்ஸல் டி. டேவிஸ். கதை 1981இல் தொடங்கி 1991இல் முடிகிறது. வைட் தீவிலிருந்து லண்டனுக்குப் படிக்க வரும் ரிச்சி, நைஜீரியக் குடும்பத்தின் கெடுபிடியிலிருந்து தப்பி ஓடிவரும் ராஸ்கோ, வேல்ஸிலிருந்து ஒரு பெரிய தையற்கடையில் வேலை பழக வரும் காலின், இந்திய வம்சாவளி ஆஷ் முகர்ஜி ஆகிய நான்கு தன்பாலீர்ப்பு இளைஞர்களும், அவர்களின் தோழி ஜில்லும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு ‘பிங்க் பேலஸ்’ என்று பெயரும் வைத்துக்கொள்கிறார்கள். ஆட்டமும் பாட்டமுமாகப் போகும் அந்த வாழ்க்கைக்குள் எய்ட்ஸ் நுழைகிறது. பத்தாண்டு முடிவதற்குள் காலினும் ரிச்சியும் இறந்துபோகிறார்கள். பார்த்தவர்கள் அழுதார்கள், அழுது முடித்த கையோடு சண்டையைத் தொடங்கினார்கள். ரிச்சியை மன்னிக்கலாமா கூடாதா, அவன் அம்மா வேலரி அரக்கியா அறியாதவரா, ஜில் இவ்வளவு நல்லவளாக இருப்பது நம்பும்படி இருக்கிறதா என்று, கற்பனைப் பாத்திரங்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையே மறந்து வாதாடினார்கள். சீரியல் மாமியாரை வாய்க்கு வந்தபடி ஏசும் நம் வீட்டுக் கூடங்களுக்கு இது புதிதல்ல. ஆனால் இந்தச் சண்டையில் ஒரு விசேஷம் உண்டு. எதிரெதிர் அணிகள் இரண்டும் தங்களுக்குச் சாட்சியாக அழைப்பது ஒரே காட்சியைத்தான்.

அந்தக் காட்சி கடைசிப் பகுதியில் வருகிறது. மகன் தன்பாலீர்ப்பாளன் என்பதும், அவனுக்கு எய்ட்ஸ் என்பதும், அவன் சாகப்போகிறான் என்பதும் வேலரிக்கு ஒரே நாளில் தெரியவருகின்றன. அவர் அவனை லண்டன் மருத்துவமனையிலிருந்து தீவுக்குத் தூக்கிக்கொண்டு போய், அவன் சிறுவயதில் படுத்த அறையிலேயே படுக்கவைத்து, நண்பர்கள் எவரும் வாசற்படி மிதிக்கக் கூடாது என்று கதவைச் சாத்திவிடுகிறார். ஜில்லும் ராஸ்கோவும் அதே ஊரில் அறை எடுத்துத் தங்கி அழைப்புக்காகக் காத்திருக்கிறார்கள். ஒருநாள் கடலோரத்தில் ஜில்லைச் சந்திக்கும் வேலரி, அவன் நேற்றே போய்விட்டான் என்கிறார். அப்போது ஜில் வெடிக்கிறாள். அவள் சொல்வதன் சாரம் இது: உங்கள் வீட்டில்தான் அவன் வெட்கத்தைக் கற்றுக்கொண்டான், அந்த வெட்கத்தோடுதான் ஒவ்வோர் ஆணிடமும் போனான், தனக்கு நோய் இருப்பது உள்ளூரத் தெரிந்தும் நிறுத்தவில்லை, அவனால் மற்றவர்கள் செத்தார்கள், வார்டுகள் முழுக்க, இது தங்களுக்குக் கிடைக்கவேண்டிய தண்டனைதான் என்று நம்பிக்கொண்டே சாகும் ஆண்கள். இந்தப் பேச்சில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. அவன் தெரிந்தே தீங்கு செய்தான் என்பது ஒன்று. அந்தத் தீங்கின் வேர் வெட்கத்தில் இருக்கிறது என்பது மற்றது. முதல் பாதியைக் காதில் வாங்கியவர்கள் ரிச்சிக்குத் தண்டனை எழுதினார்கள். இரண்டாவதை மட்டும் வாங்கியவர்கள் அவனை விடுதலை செய்து வேலரியைக் கூண்டில் ஏற்றினார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் ஒரே வாயிலிருந்து சொல்லவைத்ததுதான் டேவிஸ் செய்த அரிய காரியம். அதைப் பார்வையாளர்கள் ஆளுக்குப் பாதியாகப் பங்குபோட்டுக்கொண்டார்கள் என்பதே என் குறை.

ரிச்சியைக் குற்றமற்றவனாக்க விரும்புகிறவர்கள் அவனிடம் அன்பு காட்டுவதாகத்தான் நினைக்கிறார்கள். ஆனால் தொடர் நமக்குக் காட்டும் ரிச்சி வேறு. அழகன், வாயாடி, நடிகனாகும் கனவுள்ளவன், தன்னைச் சுற்றித்தான் உலகம் சுழல்கிறது என்று நம்புபவன். தன் போன்றவர்களை வெறுக்கும் சூழலுக்குத் துணைபோன மார்கரெட் தாட்சரின் கட்சிக்கு ஆதரவாகக் கூச்சமின்றிப் பேசுகிறவன். இரண்டாம் பகுதியில் அவன் கேமராவை நேருக்குநேர் பார்த்து, எய்ட்ஸ் என்பதே கட்டுக்கதை என்று அடுக்கிக்கொண்டே போகும் ஒரு நீண்ட பேச்சு உண்டு. அப்போது புழங்கிய வதந்திகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்டல் செய்து தூக்கி எறிகிறான். துள்ளலான இசையோடும் வேகத்தோடும் வருவதால் நாமும் சிரித்துவிடுகிறோம். அவன் உடம்பையே பந்தயமாக வைத்துப் பேசுகிறான் என்பது பிறகுதான் உறைக்கிறது. அதே பகுதியில், விவரம் தெரியவேண்டும் என்று தவிக்கும் ஜில், வேலை நிமித்தம் நியூயார்க் போகும் காலினிடம் அங்கே கிடைக்கும் பத்திரிகைகளையும் துண்டறிக்கைகளையும் வாங்கிவரச் சொல்கிறாள். அதாவது, தெரிந்துகொள்ள வழியே இல்லாத காலம் அல்ல அது. கடினமாக இருந்தது, அவ்வளவுதான். ஒரே வீட்டில் ஒருத்தி தேடிப் படிக்கிறாள், ஒருவன் காதைப் பொத்திக்கொள்கிறான். எச்.ஐ.வி.க்கான ரத்தப் பரிசோதனை 1985இல் வந்துவிட்டது. ரிச்சி அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறான். இவை எல்லாம் அவன் எடுத்த முடிவுகள். அவற்றை அவனிடமிருந்து பறித்து அம்மாவின் கணக்கில் எழுதுவது, அவனை இருபத்தெட்டு முப்பது வயது ஆணாக அல்லாமல் இன்னும் தொட்டிலில் கிடப்பவனாகப் பார்ப்பது. வேலரி கடைசியில் செய்வதும் அதுதானே? பெரியவனாகிவிட்ட மகனைச் சிறுவனின் அறையில் படுக்கவைக்கிறார். அவரை அதற்காகத் திட்டுகிற பார்வையாளர்கள் தாங்களும் அதே அறைக்குள் அவனைத் தள்ளுகிறார்கள்.

இதற்கு ஒரு கனமான மறுப்பு இருக்கிறது. தன்பாலீர்ப்பு ஆண்கள் நோயைப் பரப்பும் வேட்டைக்காரர்கள் என்ற பொய் எண்பதுகளின் பத்திரிகைகளில் தினமும் அச்சானது. வேலையிலிருந்து நீக்கவும் வீட்டை விட்டு விரட்டவும் நோயாளியைத் தொடாமல் விடவும் அந்தப் பொய் பயன்பட்டது. ஆகவே, தெரிந்தே நோயைக் கடத்தும் ஒரு கதாநாயகனைத் திரையில் வைப்பது எதிரியின் கையில் கத்தியைக் கொடுப்பதாகாதா? இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தைக் கடந்துவந்தவர்கள், நண்பர்களைப் புதைத்தவர்கள். அவர்கள் அச்சத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இதே அச்சம் இதே எழுத்தாளரை நோக்கி இதற்கு முன்பும் எழுப்பப்பட்டது. அப்போது நடந்ததைச் சற்றுப் பார்க்கலாம். 1999 பிப்ரவரியில் டேவிஸின் ‘குயர் ஆஸ் ஃபோக்’ வெளியானது. மான்செஸ்டர் நகரின் கெனால் தெருவில் சுற்றும் நண்பர்கள் ஸ்டூவர்ட், வின்ஸ். இருவருக்கும் வயது முப்பதை எட்டப்போகிறது. முதல் பகுதியிலேயே ஸ்டூவர்ட் நேத்தன் என்ற 15 வயதுப் பையனை வீட்டுக்கு அழைத்துப்போகிறான். அன்றைய சட்டப்படி ஆண்களுக்கிடையிலான உறவுக்குச் சம்மத வயது 18. அதை மற்றவர்களுக்குள்ளது போல 16 ஆக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். மக்களவை ஏற்றதைப் பிரபுக்கள் சபை தடுத்துக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் இப்படி ஒரு பாத்திரமா என்று தன்பாலீர்ப்பாளர்களே கொதித்தார்கள். விளம்பர ஆதரவு தந்த பெக்ஸ் பீர் நிறுவனம் கழன்றுகொண்டது. ஸ்டூவர்ட் திருந்தவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. சட்டம் 2000இல் நிறைவேறி, 2001 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தொடரால் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. தொடரால் கெடவில்லை என்பதே இங்கே போதும். ஸ்டூவர்ட் செய்தது சரியா என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஒரு பாத்திரத்தின் நடத்தையைக் கண்டிப்பது வேறு. அப்படியொரு பாத்திரம் இருக்கவே கூடாது என்பது வேறு.

அந்தப் பழைய தொடர் மீது இன்னொரு குற்றச்சாட்டும் அப்போது இருந்தது: எய்ட்ஸ் அதில் மருந்துக்குக்கூட இல்லை என்பது. டேவிஸ் அதைத் தெரிந்தே விட்டார். தன்பாலீர்ப்பாளர் என்றாலே நோயாளி, சாவு, பரிதாபம் என்று வந்துகொண்டிருந்த கதைகளுக்கு நடுவே அந்த நோய்க்குத் தன் கதையில் இடம் தர அவருக்கு மனமில்லை. பிறகு அந்த நோயைப் பற்றி முழுத் தொடர் எழுதுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டார். பல அலைவரிசைகள் வேண்டாம் என்றன. எட்டுப் பகுதிகளாக எண்ணியது ஐந்தாகச் சுருங்கியது. இவ்வளவு காலம் காத்திருந்து எழுதும்போது மாசு மருவற்ற தியாகிகளின் கதையை எழுதியிருந்தால், 1999இல் எதை மறுத்தாரோ அதற்கே திரும்பியிருப்பார்.

அவர் அதைச் செய்யவில்லை என்பதற்கு ரிச்சியைவிட நல்ல சாட்சி காலின். கூச்ச சுபாவி, இரவு விருந்துகளில் ஓரமாக நிற்பவன், வேலை முடிந்தால் வீடு. கடையில் மூத்த ஊழியரான ஹென்றி நோயில் விழுந்து தனி அறையில் தள்ளப்பட்டு, சாப்பாட்டுத் தட்டு வாசலிலேயே வைக்கப்படும் நிலையில் கிடக்கும்போது, போய்ப் பார்க்கும் ஒரே ஆள் அவன்தான். பார்வையாளர் எல்லோரும் இவனுக்கு ஒன்றும் ஆகாது என்று மனதுக்குள் முடிவுகட்டி வைத்திருக்கும்போது, நண்பர்கள் ஐவரில் முதலில் அவனைத்தான் தொடர் கொண்டுபோகிறது. முன்பு குடியிருந்த வீட்டுக்காரியின் மகனோடு ஏற்பட்ட உறவில் நோய் வந்தது என்பது பிறகே நமக்குத் தெரிகிறது. ‘நல்ல பையனுக்கு இப்படி ஆகிவிட்டதே’ என்று பதறிய பார்வையாளர்கள், தங்கள் பதற்றத்துக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருந்ததைக் கவனித்தார்களா என்று தெரியவில்லை. ‘நல்ல’ பையனுக்கு நேர்ந்தால் அநியாயம் என்றால், மற்றவனுக்கு நேர்ந்தால் நியாயம் என்றாகிறது. நோய்க்கும் ஒழுக்கத்துக்கும் முடிச்சுப்போடும் பழக்கத்தைக் காலின் வழியே அறுத்துவிட்டு, அதன் பிறகே ரிச்சியின் குற்றத்தை டேவிஸ் நம் முன் வைக்கிறார். ரிச்சிக்கு நோய் வந்தது குற்றம் அல்ல. வந்த பின் அவன் நடந்துகொண்ட விதம்தான் கேள்விக்குரியது. இந்த வரிசை தற்செயலாக அமைந்ததல்ல. வேட்டைக்காரர் என்ற பழைய பொய்க்கு என்னைப் பொறுத்தவரை இதைவிடக் கறாரான பதில் இல்லை. தொடர் ஒளிபரப்பான சில நாட்களில் பிரிட்டனில் தேசிய எச்.ஐ.வி. பரிசோதனை வாரம் வந்தது. பரிசோதனைக் கருவி கேட்டுப் பதிவுசெய்தவர்கள் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு இருந்தார்கள் என்று டெரன்ஸ் ஹிக்கின்ஸ் அறக்கட்டளை அறிவித்து, தொடருக்கே அந்தப் பெருமையைக் கொடுத்தது. ரிச்சி பரிசோதனையைத் தள்ளிப்போட்டதைப் பார்த்தவர்கள் போய்ப் பரிசோதித்துக்கொண்டார்கள். குறையுள்ள பாத்திரம் எதிரிக்கு மட்டும்தான் பயன்படும் என்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கலாம்.

வேலரியின் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அவருடைய ஆதரவாளர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. அந்தக் காலத்து அம்மா, தீவில் இருந்தவர், அவருக்கு எப்படித் தெரியும் என்பது அவர்கள் வாதம். பிரிட்டிஷ் சமூக மனப்போக்குக் கணக்கெடுப்பில் 1987இல் தன்பாலின உறவு எப்போதுமே தவறு என்று சொன்னவர்கள் 64 சதவீதம். நான்கு ஆண்டுகளுக்கு முன் 50 சதவீதமாக இருந்தது. வேலரி அந்தப் பெரும்பான்மையில் ஒருவர், அவ்வளவே. 1988இல் தாட்சர் அரசு கொண்டுவந்த 28ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகளும் அவற்றின் பள்ளிகளும் தன்பாலீர்ப்பை ஊக்குவிக்கக் கூடாது என்றது. இங்கிலாந்தில் 2003 வரை அது நீடித்தது. தொடரில் ஆஷ் ஒரு பள்ளியில் வேலை செய்யும்போது, நூலகத்தில் அப்படிப்பட்ட புத்தகங்களைத் தேடி அகற்றச் சொல்கிறார்கள். அவன் எல்லா அலமாரியையும் துழாவிவிட்டு, அகற்றுவதற்கு அங்கே எதுவுமே இல்லை என்கிறான். காலினைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி மருத்துவமனையில் பூட்டிவைப்பதும் கற்பனைச் சேர்க்கை அல்ல. 1985இல் மான்செஸ்டரில் ஒரு நோயாளி நீதிமன்ற உத்தரவின் பேரில் அப்படி அடைத்துவைக்கப்பட்டு, மேல்முறையீட்டுக்குப் பிறகே அந்த உத்தரவு நீங்கியது. ஆக, வெட்கத்தின் உற்பத்திச்சாலை வேலரியின் அடுப்படி மட்டும் அல்ல. நாடாளுமன்றம், பத்திரிகை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் சேர்ந்து தயாரித்ததை அந்த வீடு விநியோகம் செய்தது. நோய் என்றதும் நோயாளியை விட்டுவிட்டுக் குற்றவாளியைத் தேடுவது லண்டனுக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளில் கண்டார்கள். அது ‘அவர்களுடைய’ வியாதி என்ற பேச்சு இங்கேயும் எவ்வளவு காலம் ஓடியது என்பதை நினைவுள்ளவர்கள் அறிவார்கள்.

இருந்தும் வேலரியை அறியாமை ஒன்றால் காப்பாற்ற முடியாது. அதற்கு மாற்று சாட்சியைத் தொடரே கையில் வைத்திருக்கிறது. காலினின் அம்மா ஐலீன். வசதியோ பெரிய படிப்போ இல்லாத வேல்ஸ் ஊர்ப் பெண். மகனுக்கு என்ன நோய், அது எப்படி வந்தது என்று அவருக்கும் திடீரென்றுதான் தெரிகிறது. அவர் மகனின் நண்பர்களை விலக்கவில்லை. அவர்களோடு சேர்ந்து, பூட்டிய வார்டிலிருந்து மகனை வெளியே கொண்டுவரப் போராடுகிறார். ராஸ்கோவின் அப்பா மகனை நைஜீரியாவுக்கு இழுத்துப்போகவே நின்றவர். வருஷங்கள் கழித்து அவனைத் தேடி வந்து மன்னிப்புக் கேட்கிறார். ஐலீனும் அவரும் வேலரி வாழ்ந்த அதே காலத்தில்தான் வாழ்ந்தார்கள். 1987இல் அரசு வீட்டுக்கு வீடு அனுப்பிய எய்ட்ஸ் துண்டறிக்கை தீவு வீட்டின் கதவிடுக்கிலும் விழுந்திருக்கும். லண்டன் வார்டில் வேலரி கத்திக்கொண்டிருக்கும்போது, தன் மகனைப் பார்த்துக்கொள்ள அங்கே வந்திருக்கும் இன்னொரு தாய், இத்தனை வருஷமாக உங்கள் பிள்ளையை நீங்கள் பார்க்கவே இல்லையா என்ற பொருளில் முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறார். ஜில்லின் பேச்சைவிட எனக்கு இந்தக் கேள்வி கூர்மையானதாகப் படுகிறது. மகன் செய்தவற்றுக்கு அம்மாவைப் பொறுப்பாக்காமல், அம்மா செய்ததற்கு மட்டும் அம்மாவைப் பொறுப்பாக்கும் கேள்வி அது. கதவைச் சாத்தியது வேலரி. அதற்கு யாரும் அவரைப் பழக்கவில்லை.

ஜில்லின் பேச்சு துக்கத்தில் வந்தது, அதைத் தொடரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது அபத்தம் என்பவர்களும் உண்டு. பாத்திரம் பேசுவது வேறு, எழுத்தாளர் நினைப்பது வேறு என்ற பாலபாடம் எனக்கும் உடன்பாடே. ஆனால் அந்தக் காட்சி எடுக்கப்பட்ட விதத்தையும் பார்க்க வேண்டும். வேலரிக்குப் பதில் சொல்ல ஒரு வாக்கியம்கூடத் தரப்படவில்லை. ஜில் பேசி முடிக்கிறாள், காட்சி அவளோடு போய்விடுகிறது. பார்வையாளர்கள் அந்தப் பேச்சைத் தீர்ப்பாக வாசித்ததில் இயக்குநர் பீட்டர் ஹோருக்கும் டேவிஸுக்கும் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது. வார்த்தையில் இரண்டு பாதியையும் வைத்துவிட்டு, காட்சியின் சாய்வில் ஒரு பாதிக்கு அழுத்தம் கொடுத்துவிட்டார்கள். கீலி ஹாவ்ஸ் போன்ற தேர்ந்த நடிகையை வேலரியாக நிறுத்திவைத்துவிட்டு அவரைப் பேசாமல் விட்டது கலைரீதியாகவும் இழப்புதான்.

இனி ஜில். இவள் புனிதவதி, இவளுக்கென்று ஆசையோ காதலோ கோபதாபமோ இல்லை, நண்பர்களுக்குச் சேவை செய்யவே எழுதப்பட்டிருக்கிறாள் என்பது பரவலான விமர்சனம். கறுப்பினப் பெண்ணான லிடியா வெஸ்ட் நடித்திருப்பதால் அதற்குக் கூடுதல் உறுத்தல் சேர்கிறது; பெரும்பாலும் வெள்ளை ஆண்களின் படுக்கையோரத்தில் ஒரு கறுப்பினப் பெண் இடைவிடாமல் பணிவிடை செய்வதைத் திரை ஏற்கெனவே போதுமான அளவு காட்டியிருக்கிறது. இதற்கு எதிராக எப்போதும் சொல்லப்படும் பதில், ஜில் உண்மையில் வாழும் ஒருவரை வைத்து எழுதப்பட்டவள் என்பது. டேவிஸின் இளமைக்காலத் தோழியான நடிகை ஜில் நால்டர் அந்த ஆண்டுகளில் வார்டு வார்டாகப் போனவர்; ‘பிங்க் பேலஸ்’ அவர் குடியிருந்த வீட்டின் பெயர்; தொடரில் ஜில்லின் அம்மாவாக நடித்திருப்பதும் அவரே. ஆனால் உண்மையில் ஒருவர் இருந்தார் என்பது பாத்திரம் முழுமையாக எழுதப்பட்டது என்பதற்குச் சான்றாகாது. நால்டருக்கு ஒரு சொந்த வாழ்க்கை இருந்தது; ஜில்லுக்கு அது எழுதப்படவில்லை. அக்காலத்தில் நோயாளிகளுக்குத் தோள்கொடுத்த லெஸ்பியன் பெண்கள் முக்கியப் பாத்திரங்களில் ஒருவராகக்கூட இல்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என்றாலும் ஜில் ஒரே ஒரு முறை முழுமையாக உயிர்பெற்று எழுகிறாள். நண்பர்கள் ‘க்ளோரியா’ என்று அழைக்கும் கிரெகரிக்கு நோய். அவன் யாருக்கும் தெரியவேண்டாம் என்று ஜில்லிடம் மட்டும் சொல்லி, அவள் உதவியை நாடுகிறான். ஒருநாள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போகிறான். ஜில் அந்தக் கோப்பையைக் கழுவுகிறாள், மறுபடி கழுவுகிறாள், மனம் அடங்காமல் கடைசியில் உடைத்துக் குப்பையில் போடுகிறாள். யாரும் பார்க்கவில்லை. அவள் படித்திருக்கிறாள், கோப்பையால் பரவாது என்று மற்றவர்களுக்குச் சொல்லவும் தயாராக இருப்பவள். உடம்பு அறிவின் பேச்சைக் கேட்கவில்லை. ஐந்து பகுதிகளில் ஜில் தவறு செய்வது இங்கேதான். நான் அவளை நம்புவதும் இங்கேதான். இந்தக் காட்சியை விவாதித்தவர்கள் குறைவு, ஏனென்றால் ஜில்லைத் தூக்கிப்பிடிப்பவர்களுக்கும் இது சங்கடம், அவள் வெறும் புனிதவதி என்று ஒதுக்குபவர்களுக்கும் இது சங்கடம். ரிச்சிக்கு டேவிஸ் தாராளமாகக் கொடுத்த தவறும் உரிமையை ஜில்லுக்கு ஒரு கோப்பை அளவுக்கே கொடுத்தார் என்பதுதான் அவர்மீது வைக்கக்கூடிய நேரான குற்றச்சாட்டு. தவறாத ஆள் நண்பர் கூட்டத்தில் இருக்கலாம், கதையில் இருந்தால் சுவரோடு சேர்ந்துவிடுகிறார்.

தன்பாலீர்ப்பாளர் வேடங்களுக்கு அப்படிப்பட்ட நடிகர்களையே எடுக்க வேண்டும் என்று டேவிஸ் சொன்னது பற்றியும் ஏகப்பட்ட வாக்குவாதம் நடந்தது. அது நடிகர்களின் வேலைவாய்ப்பு பற்றிய தனிப் பிரச்சினை. பாத்திரங்களைப் பற்றிய இந்த வழக்குக்கு அதனால் ஒன்றும் கூடவுமில்லை, குறையவுமில்லை. ‘குயர் ஆஸ் ஃபோக்’கின் அமெரிக்க வடிவம் 2000 முதல் 2005 வரை ஓடியது, அதில் பிரையனும் ஜஸ்டினும் கடைசியில் கல்யாணம் செய்துகொள்ளாமல் பிரிந்தது சரியா என்று அதன் ரசிகர்கள் இன்னமும் மல்லுக்கு நிற்கிறார்கள். அது வேறு ரகச் சண்டை. அங்கே யாரும் பாத்திரத்தை ஒரு சமூகத்தின் தூதுவனாக நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரனின் குடும்ப விவகாரம் போல நியாயம் பேசுகிறார்கள். ‘இட்ஸ் எ சின்’ பற்றிய சண்டை அவ்வளவு இலகுவாக ஆக முடியாது, ஏனெனில் அதன் பின்னால் உண்மையான சாவுகள் இருக்கின்றன. ரிச்சி செத்து ஐந்தாண்டில், 1996 வாக்கில், கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து சாவைத் தள்ளிப்போட்டது. அவனைக் குற்றவாளி என்று சொல்லும்போது, உடனே பலருக்கும் தாங்கள் இழந்த யாரோ ஒருவரின் முகம் நினைவுக்கு வருகிறது. அந்த முகத்துக்காகத்தான் அவனை வெள்ளையடிக்க நினைக்கிறார்கள். ஆனால் அந்த முகங்களிலும் எத்தனை விதம் இருந்திருக்கும்! கோழைகள், அடாவடிக்காரர்கள், சுயநலக்காரர்கள், பொய்யர்கள், எல்லோரையும் சிரிக்கவைத்தவர்கள். நல்லவர்களாக இருந்தார்களா என்று கேட்டுவிட்டுத்தான் அவர்களுக்காக அழுவது என்றால், அந்தப் பழைய பெரும்பான்மை வைத்த நிபந்தனையை நாமும் ஏற்றுக்கொண்டவர்களாகிறோம்.

இத்தனை வாதத்திலும் யார் பெயர் அடிபடவில்லை என்று பார்த்தால், ரிச்சியின் அப்பா க்ளைவ். முதல் பகுதியில், மகன் லண்டனுக்குக் கிளம்பும் படகில், எந்தப் பெண்ணையும் கர்ப்பமாக்கிவிடாதே என்ற அக்கறையோடு ஆணுறைப் பொட்டலம் ஒன்றை அவன் கையில் திணிப்பவர் அவர்தான். மகன் வேறு மாதிரி இருக்கக்கூடும் என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை. ரிச்சி அந்தப் பொட்டலத்தைக் கடலில் வீசிவிடுகிறான், ஏனெனில் ஆணுறை கர்ப்பத்தைத் தடுக்க மட்டும்தான் என்று இருவருமே நம்பினார்கள். அவன் உயிரையும், அவனால் இறந்தவர்களின் உயிரையும் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே பொருள் அது. வெட்கம் எந்த வீட்டில் கற்றுத்தரப்பட்டது என்று கேட்கிறவர்கள், அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள் என்பதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஜில்லும் கவனிக்கவில்லை, கடலோரத்தில் அவள் பேசுவது அம்மாவிடம் மட்டும்தான். வேலரி அரக்கியா அறியாதவரா என்று இனி வாதாடுபவர்கள், க்ளைவ் யார் என்பதையும் சேர்த்தே பேசலாம்.